சிங்கத்துக்குக் கட்டிய செருப்பு

1

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், என் மகள் மரகதம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் ஒரு கதை சொன்னாள். அவளுக்கு வயது ஒன்பது. பள்ளிக்கூடத்தில் அவள் பேர் மா மியா. மியா என்றால் பர்மிய மொழியில் மரகதம்தான். சேர்க்கப் போன அன்று ஆசிரியை அர்த்தம் விசாரித்து அப்படியே மாற்றி எழுதிக்கொண்டார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எனக்குத் தலையாட்டத்தான் தெரியும்.

"நைனா, கடைத்தெரு முனையில ரெண்டு சிங்கம் கீதில்ல, அதுல சோத்துக்கை பக்கத்துச் சிங்கத்துக்கு மட்டும் ஏன் மூஞ்சி வேற மாதிரி கீதுன்னு தெரியுமா? ஸயாமா சொன்னாங்க. அது கட்டச்சொல்ல ஒரு கலா வந்து மூஞ்சிக்கு நேரா செருப்பக் கட்டிட்டானாம். நல்லா குடிச்சிட்டு, வேணும்னே. ஊரே சேர்ந்து அவனைத் துரத்திடிச்சாம்."

ஸயாமா என்றால் ஆசிரியை. கலா என்பது நம்மைப்போல் இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்கே சொல்லும் சொல். தனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாததுபோல் அவள் அதைச் சொன்னாள்.

மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தனபாக்கியத்தின் கை நின்றது. அவள் நிமிரவில்லை. செருப்புக் கட்டிய அந்தக் கலா அவளுடைய கூடப்பிறந்த தம்பி ஏகாம்பரம். மரகதத்துக்கு அது தெரியாது. அப்போது அவளுக்கு நான்கு வயது. சுண்ணாம்பில் கிளி செய்து கொடுத்த "பொம்ம மாமா" ஒருவர் இருந்தார் என்பதுமட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது.

இராயபுரத்தில் நம் தெருவிலும் இதே கதைதான் வழங்குகிறது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். கடலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒருவன் பேர் ஒரே மாதிரி கெட்டுக் கிடக்கிறது. நடந்தது என்ன என்று முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். ஐந்து வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். நம் பக்கத்து ஜனங்கள் படிக்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு வரைக்கும் படித்தவன் எழுதுவது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் இருக்கும் ஊர் பெகு. ரங்கூனிலிருந்து ரயிலில் வரவேண்டும். அரிசி ஆலையில் மஸ்டர் எடுக்கும் வேலைக்கு வந்தேன். காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தவர்களைக் குறித்துக்கொள்வதுதான் மஸ்டர். பேர் கூப்பிடுவதற்குமேல் பேசவேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் நடுவில் பேச வேண்டுமென்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே வார்த்தை வராது.

ஏழு வருஷத்துக்கு முன் நிலம் ஆடியது உங்களுக்கும் பத்திரிகையில் தெரிந்திருக்கும். பெரிய பகோடா சரிந்தது. கடைத்தெரு தீப்பிடித்தது. பகோடாவுக்குப் போகிற வழியின் தொடக்கத்தில், கடைத்தெரு முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்குக் காவல் சிங்கங்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று தூளாகிவிட்டது. இன்னொன்றின் தலைமட்டும் கழன்று நடுத்தெருவில் வந்து உட்கார்ந்தது.

அந்தத் தலை அங்கேயே இரண்டு வருஷம் கிடந்தது. உடைத்து அள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை. மாட்டுவண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. போகப்போக வண்டித்தடமே அங்கே வளைந்துவிட்டது. பிள்ளைகள் அதன் வாய்க்குள் உட்கார்ந்து மாங்காய் தின்றார்கள். வீட்டில் மூன்று பேரைப் பறிகொடுத்த ஒரு அம்மாள் தினமும் வந்து அதன் நெற்றியில் ஒரு பூவை வைத்துவிட்டுப் போவாள்.

தகரக் கூரை வந்தது, கிணறு தூர் வாரினார்கள், கடைகள் எழுந்தன. சொந்த வீட்டுக்குச் சுவர் எழுப்பாதவர்கள்கூட "சிங்கம் எப்போது?" என்று கேட்டார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நம் பக்கத்தில் புயல் அடித்தால் முதலில் கட்டுமரத்தைத் தேடுவோம், அப்புறம் கூரை. பொம்மையைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் இங்கே அந்த இரண்டும் எழுந்து உட்கார்ந்தால்தான் ஊர் எழுந்ததாக அர்த்தம் என்று எல்லாருக்கும் தோன்றியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு கமிட்டி போட்டார்கள். மரக்கடை வைத்திருந்த ஊ லூன் என்பவர் அதற்குத் தலைவர். செங்கல் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் என்னை மஸ்டருக்கு வைத்துக்கொண்டார். பர்மிய மொழி தெரிந்தவன் என்பதால் ஒருவர் பேச்சை மற்றவருக்குப் பெயர்த்துச் சொல்லும் துபாஷியும் நான்தான்.

சுண்ணாம்பில் உருவம் செய்யும் சுதை வேலைக்கு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது ஏகாம்பரத்துக்குக் கடிதம் போட்டேன்.

3

இராயபுரத்தில் அவன் கைபட்ட வேலைகள் உங்களுக்குத் தெரியும். கல்மண்டபத்துப் பக்கம் சோடாக்கடை நெற்றியில் இருக்கும் சிங்கம் அவன் செய்தது. மாதா கோயிலில் இறக்கை ஒடிந்த சம்மனசுக்கு, அதாவது தேவதூதர் சிலைக்கு, இறக்கை வைத்தவன் அவன். தண்டையார்பேட்டை தோல் வியாபாரி சாயபு வீட்டுக் கைப்பிடிச் சுவரில், உருவம் கூடாது என்று அவர் சொன்னதால், பூவும் பிறையுமாக ஓட விட்டவனும் அவன்தான்.

எந்த வேலையானாலும் சாரம் கட்டியதும் அவன் முதலில் செய்வது ஒன்று உண்டு. பிய்ந்த செருப்பு ஒன்று, தேய்ந்த துடைப்பம் ஒன்று, கருப்புக் கயிற்றில் கோத்துச் சாரத்தில் தொங்கவிடுவான். கண்ணேறு கழிய. நம் பக்கத்தில் யார்தான் அதைச் செய்யவில்லை? சாயபு வீட்டில் அவன் அப்படிக் கட்டியபோது, விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த நானும் கீழே நின்றிருந்தேன். சாயபு மேலே பார்த்துச் சிரித்தார்.

"ஏம்பா, ஒத்தச் செருப்பு போதுமா? எதிர்வூட்டுக்காரன் கண்ணு பெரிய கண்ணாச்சே."

"ஒங்களதும் ஒண்ணு குடுங்க பாய், ஜோடியா கட்டிடறேன்."

அவர் உள்ளே போய்த் தம் பழைய செருப்பை எடுத்துவந்து கொடுத்தார். மாதா கோயிலிலும் அப்படித்தான். சாமியார் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாரே தவிர, அவிழ் என்று சொல்லவில்லை.

ஏகாம்பரம் கப்பல் ஏறும்போது துறைமுகத்தில் அம்மை குத்தி, ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். ரங்கூனில் இறங்கியதும் நலம்கூடக் கேட்காமல் அதை என்னிடம் நீட்டினான்.

"படி மாமா. இன்னா போட்டுக்கீறான் பாரு."

தொழில் என்ற இடத்தில் கூலி என்று இருந்தது.

"பொம்ம செய்றவன்னு மூணு வாட்டி சொன்னேன். காதுலயே வாங்கல, கய்தே. நான் சொல்றத அப்படியே எழுதினா அவன் கை தேஞ்சா பூடும்?"

அன்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

4

இடப்பக்கத்துச் சிங்கத்தை ஒரு வயதான பர்மியக் கலைஞர் செய்தார். வலப்பக்கத்துக்கு ஏகாம்பரம் ஒரே நாளில் சுண்ணாம்பில் சின்ன மாதிரி பிடித்துக் காட்டினான். ஊ லூன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவனிடமே வேலையைக் கொடுத்தார். இரண்டு கலைஞர்களும் ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாமலே சுருட்டு மாற்றிக்கொண்டு, கையாலேயே பேசிக்கொண்டு, நான்கு மாதம் வேலை செய்தார்கள். முகம் வடிவுக்கு வரவர வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. பூ வைக்கிற அம்மாளும் வந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவன் அதுவரை இங்கே செருப்புக் கட்டவில்லை. கூட்டம் சேர்ந்ததும்தான் பயந்திருக்கிறான். ஒரு நாள் காலை நான் மஸ்டர் எடுக்கப் போனபோது, சிங்கத்தின் முகத்துக்கு நேராகச் சாரத்தின் மூங்கிலில் துடைப்பமும் அவனுடைய பழைய செருப்பும் ஆடிக்கொண்டிருந்தன.

நான் இந்த நாட்டில் அப்போதே பதினெட்டு வருஷம் இருந்தவன். பகோடா வழியில் கால் வைக்கும் முன் இவர்கள் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். கழற்றாத துரைமார்களோடு எத்தனை சண்டை நடந்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். உடனே அவிழ்க்கச் சொல்லியிருக்கவேண்டும். நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். அவர்கள் நடுவில் அவனைக் கூப்பிட்டுச் சத்தம் போட எனக்குக் கூச்சமாக இருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

பத்து மணிக்குள் கடைத்தெரு முழுவதும் அங்கே நின்றது. பர்மியர்களுக்கும் நம் ஜனங்களுக்கும் நடுவே மனக்கசப்பு இருந்த காலம் அது. சிலர் கையில் மூங்கில் கழி இருந்தது. ஊ லூன் வந்து கூட்டத்தை விலக்கி, ஏகாம்பரத்தைக் கீழே இறங்கச் சொல்லி, ஏன் செய்தாய் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். ஏகாம்பரம் பயப்படாமல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான். அவன் சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"பெரியவரே, கோவிச்சிக்காதீங்க. ஒங்க சிங்கம் அயகா வந்துகினு கீது. போறவன் வர்றவன் அல்லாம் நின்னு பாத்துகினு கீறான். கண்ணு பட்டா மூஞ்சி வெடிச்சிடும். பாக்கறவன் கண்ணு மொதல்ல செருப்பு மேல போவட்டும், சிங்கத்து மேல வாணாம்னு கட்னேன். எங்கம்மா வூடு கட்னாலும் இத்தான் கட்டுவேன். ஒங்களுக்கு ஆவாதுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா பூசணிக்கா கட்டிருப்பேன். என் கையாலயே கயட்டிடறேன். நாலு மாசமா பெத்த புள்ள மாரி பாத்துகினு கீறேன், அத்தப் போயி நான் கேவலப்படுத்துவேனா?"

பக்கத்தில் ஒப்பந்தக்காரரின் குமாஸ்தாக்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தெற்கத்திச் சீமைக்காரர்கள். நம் பேச்சு அவர்களுக்கு எப்போதும் கேலி. "கீதாம், கீது" என்று ஒருவர் மற்றவர் காதில் சொல்ல, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் முன்னால் அப்படிப் பேசிவிடக் கூடாது என்று வருஷக்கணக்காக என் நாக்கைத் திருத்தி வைத்திருந்தவன் நான். அவன் என் மைத்துனன் என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இருநூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிப்புக் கேட்கிறான்" என்று பர்மிய மொழியில் சொன்னேன்.

ஊ லூன் என்னை உற்றுப் பார்த்தார். "அவன் இவ்வளவு நேரம் பேசினானே. இதுதானா?"

"இதுதான்."

"வேறு ஒன்றும் சொல்லவில்லையா?"

"இல்லை."

"அப்படியானால் தெரிந்தே செய்திருக்கிறான்" என்றார் அவர். கூட்டத்தில் இரைச்சல் எழுந்தது. அவர் கையை உயர்த்தி அடக்கினார். அன்றைய ரயிலிலேயே அவனை அனுப்பிவிடச் சொன்னார். அவன்மேல் ஒரு அடி விழாமல் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்துவந்தவரும் அவர்தான். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. நான் கொடுத்ததை வைத்துத்தானே அவர் தீர்ப்புச் சொல்ல முடியும்?

ரயில் புறப்படும்போது ஏகாம்பரம் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ இன்னா பண்ணுவே மாமா. நீதான் அல்லாத்தையும் சொன்னியே. அவுங்களுக்கு மனசு ஆறல. வுடு. அக்காவ பேஜார் பண்ணிக்க வாணாம்னு சொல்லு."

சரி என்று தலையாட்டினேன்.

5

வலப்பக்கத்து முகத்தை அந்தப் பர்மியக் கலைஞரே மனசில்லாமல் முடித்தார். மேல்பூச்சு அவருடையது. அடியில் இருக்கும் தாடையும் நெற்றியும் ஏகாம்பரத்துடையவை. அதனால்தான் அந்த முகம் மற்றதுபோல் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் தனபாக்கியம் கேட்டது ஒன்றே ஒன்று. "குடிச்சிருந்தானா?"

"தெரியல" என்றேன். அவன் குடிக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இல்லை என்று சொன்னால், அப்புறம் ஏன் இப்படி ஆயிற்று என்ற அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்துதான் தெரியாது என்றேன். அந்த ஒரு சொல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி, அவன் போன கப்பலுக்கு முன்னாலேயே இராயபுரம் போய்விட்டதுபோல் இருக்கிறது. சாமியை அவமதித்தவன், குடிகாரன் என்று பேர் வந்தபின் உருவ வேலைக்கு ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்குத் துரு சுரண்டும் வேலைக்குப் போய்வருகிறான் என்று கேள்விப்பட்டேன். அக்காவும் வெட்கப்பட்டு அவனுக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டாள். போன வருஷம் அவர்கள் அம்மா போனபோதுகூட அவள் அவனுக்கு ஒரு வரி எழுதவில்லை.

மரகதம் கதை சொன்ன மறுநாள் காலை, அவள் விளையாடப் போனதும், தனபாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எங்கம்மா செத்தப்பவாச்சும் சொல்லக்கூடாதா?"

அவளே தொடர்ந்தாள்.

"சாவச்சொல்ல எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லடீன்னு எனக்கு எழுதச்சொல்லிச்சே. நான் நம்பல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவன் இன்னா சொன்னான்? அப்படியே சொல்லு. ஒன் பேச்சுல வாணாம்."

சொன்னேன். இத்தனை வருஷம் வராத பேச்சு தடங்கலில்லாமல் வந்தது. பூசணிக்காய் வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு மறுபடியும் முந்தானையை எடுத்தாள்.

"இத்த எனக்குச் சொல்லி இன்னாத்துக்கு? போ. அந்தப் பெரியவர் கிட்ட போய்ச் சொல்லு. மரகதத்தையும் இட்டுகினு போ. அதுவும் கேக்கட்டும்."

6

ஊ லூன் இப்போது மரக்கடைக்கு அதிகம் வருவதில்லை. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். கண்ணேறு என்பதற்கு எனக்குச் சரியான பர்மியச் சொல் கிடைக்கவில்லை. நான் திணறுவதைப் பார்த்து மரகதம் முந்திக்கொண்டாள். பொறாமைக்காரர்கள் பார்த்தால் அழகான பொருளுக்கு ஆகாதாம், அவர்கள் பார்வையைத் திருப்ப அசிங்கமாக எதையாவது கட்டுவார்களாம் என்று விளக்கினாள். நான் சொன்ன இரண்டு வாக்கியங்களைத் திருத்தவும் செய்தாள். நடுவில் சட்டென்று நிறுத்தி, என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"நைனா, அது பொம்ம மாமாவா?"

"ஆமாம்மா."

அதற்கப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. மிச்சத்தை நானேதான் சொல்லவேண்டியிருந்தது.

பெரியவர் சுருட்டை ஓரமாக வைத்தார். "நான் அன்றைக்கே கேட்டேன்."

"ஆமாம் ஐயா."

"மறுபடியும் கேட்டேன்."

"ஆமாம்."

"பூசணிக்காய் என்று நீ சொல்லியிருந்தால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன்." சுருட்டை மறுபடியும் கையில் எடுத்தார். "என்னிடம் சொல்லிவிட்டாய். அன்று அங்கே இருநூறு பேர் நின்றார்கள். அவர்களுக்கு யார் சொல்வது?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் ஸயாமாவிடம் போனேன். அவர் என்னையே வகுப்பில் நிற்கவைத்துச் சொல்லச் சொன்னார். எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் சொன்னேன். பூ வைக்கிற அம்மாளிடம் சொன்னேன். தேநீர்க்கடையில், எண்ணெய்க்கடையில், ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர், அது பழைய கதை, போய்யா என்கிறார்கள். இடப்பக்கத்துச் சிங்கத்தைச் செய்த கலைஞர் இறந்துபோய் ஒரு வருஷமாகிறது. அவரிடம் சொல்ல வழியில்லை.

இராயபுரத்துக்காரர்களே, உங்களில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்ல என்னால் முடியாது. ஏகாம்பரம் அன்று குடிக்கவில்லை. எந்தச் சாமியையும் அவமதிக்கவில்லை. உங்கள் வீட்டுக்குச் செய்ததைத்தான் இந்த ஊருக்கும் செய்தான். அவனைத் தெரு முனையில் பார்த்தால் குடிகாரன் என்ற பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

7

அவனுக்கும் எழுதினேன். பர்மா இந்த வருஷம் தனி ராஜாங்கம் ஆகிவிட்டதால், தபாலாபீஸில் "வெளிநாடா?" என்று கேட்டு வேறு தபால்தலை ஒட்டச் சொன்னார்கள். பதில் நேற்று வந்தது. அவனுக்கு எழுதத் தெரியாது. கல்மண்டபத்துப் பக்கம் யாரிடமோ சொல்லி எழுதியிருக்கிறான். எழுதிக் கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை. அவன் வாயில் வந்ததை வந்தபடி எழுதியிருக்கிறார்.

"மாமாவுக்கு ஏகாம்பரம் எய்திக்கினது. லெட்டர் வந்திச்சு. படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ அல்லாத்தையும் சொன்னேன்னு நெனச்சிகினு, கேட்டும் தொரத்திட்டாங்களேன்னு அஞ்சு வருசமா அந்த ஊரு ஜனங்க மேல கோவமா இருந்தேன். அவுங்க மேல கோவப்பட்டது தப்பு. அந்தப் பெரியவர் கைல சொல்லிடு. கூட சுருட்டு குடிச்ச கெழவர் இருந்தா அவருக்கும் சொல்லு. அக்காவ லெட்டர் போடச் சொல்லு. பாப்பாவ கேட்டேன்னு சொல்லு."

அவ்வளவுதான். தனபாக்கியம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். என்மேல் கோபம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. கோபம் இல்லை என்றும் இல்லை. எழுதிக் கொடுத்தவர் எதையாவது விட்டுவிட்டாரோ என்று முதலில் நினைத்தேன். இல்லை, அவர் ஒன்றையும் விடுகிறவராகத் தெரியவில்லை.